வீட்டுச் செம்பும் இரும்பும் களவு போகாமல் காப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

மோட்டார் போடப் போன அப்பா பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "ஒயரைக் காணோம்டா" என்றார். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் கொல்லையில் ஸ்டார்டர் பெட்டிக்கும் போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) இடையில் முப்பது மீட்டர் கேபிள் தரையோடு கிடந்தது. அதைத்தான் இரவோடு இரவாக வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். புளியமரத்துக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சாம்பல். அதில் உருகிப் பிசுபிசுத்த கறுப்புப் பிளாஸ்டிக். மேல்தோலை அங்கேயே எரித்துவிட்டுச் செம்பை மட்டும் சுருட்டிப் போயிருக்கிறார்கள்.

அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 4 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் கேபிள், அதாவது உள்ளே மூன்று செம்பு இழை. ஒரு மீட்டரில் ஏறக்குறைய 107 கிராம் செம்பு இருக்கும். முப்பது மீட்டருக்கு மூன்று கிலோ சொச்சம். எடுத்தவனுக்குக் கிடைத்தது பழைய செம்பின் விலை. எங்களுக்குப் போனதோ புதுக் கேபிள், ஆள் கூலி, ஐந்து நாள் தண்ணீர் இல்லாமல் வாடிய தக்காளி. அவனுக்குப் பொருள் தேவையில்லை, எடைதான் தேவை. எடுக்க நேரமாகும், விற்றால் மாட்டிக்கொள்வோம் என்றால் தொட யோசிப்பான். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: தராசை மனதில் வைத்து வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஒரு நோட்டும் போனும் எடுத்துக்கொண்டு வீட்டையும் கொல்லையையும் ஒரு சுற்று சுற்றுங்கள். முதலில் செம்பு: போர் கேபிள், ஏசியின் வெளி யூனிட்டுக்குப் போகும் குழாய், எர்த் கம்பி. அடுத்து பித்தளை: வெளிக் குழாய்கள், கேட் வால்வு, திண்ணையில் கவிழ்த்து வைத்த அண்டா. அப்புறம் இன்வெர்ட்டர் பேட்டரி, அலுமினிய ஏணி, தொட்டி மூடி, இரும்பு கேட். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள வரிசை எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கம்பியையும் காங்கிரீட்டுக்கு அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் ஷீட்டையும் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சுவருக்குள் இழுத்துவிட்ட ஒயரையும் சுவிட்ச் பெட்டி வழியாக உருவ முடியும். கதவு, ஜன்னல் மாட்டும் முன்பு ஒயர் இழுக்கச் சொல்லாதீர்கள்.

தெருப் பக்கம் இருக்கும் பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் அந்தக் கவலை அன்றே தீர்ந்தது.

படி 2: பேர் வெட்டுங்கள்

நம் ஊரில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது வழக்கம். கடைக்காரர் சின்ன மெஷினை வைத்து விர்ரென்று புள்ளி புள்ளியாக எழுதுவாரே, அதேதான். எங்கள் பாட்டியின் பித்தளை அண்டா ஒருமுறை காணாமல் போனது. பழைய இரும்புக் கடைக்காரர் விளிம்பில் இருந்த பேரைப் படித்துவிட்டு, ஊரைக் கேட்டு ஆள் அனுப்பினார். பேர் இல்லாமல் இருந்திருந்தால் அது அன்றே நசுங்கி மூட்டைக்குள் போயிருக்கும்.

அதையே மோட்டார், கேட் வால்வு, தொட்டி மூடி, பேட்டரித் தட்டு, கேட் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். பேர் வெட்டும் மெஷின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கனமான இரும்புக்கு எழுத்து பதிக்கும் இரும்பு அச்சும் (லெட்டர் பஞ்ச்) சுத்தியலும் போதும். இனிஷியல், ஊர்ப் பெயர், போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எழுதினால் போதும். பார்த்தவுடன் தெரிகிற இடத்தில் ஒன்று, மறைவாக ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். பெயின்ட்டில் எழுதுவதை நம்பாதீர்கள், சுரண்டினால் போய்விடும்.

கேபிளுக்கு இது உதவாது. தோலை எரித்தால் அடையாளமும் சேர்ந்து எரிந்துவிடும். அதனால் அடுத்த படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படி 3: எடுக்க முடியாதபடி மாட்டுங்கள்

கேபிளைத் தரைமேல் போடவே போடாதீர்கள். முக்கால் மீட்டர், அதாவது இரண்டரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பைப்புக்குள் கேபிளைச் செலுத்தி, மேலே மண் போட்டு, ஒரு வரிசை செங்கல் பரப்பி மூடுங்கள். செங்கல் எதற்கென்றால், பின்னால் யாராவது மண்வெட்டி போடும்போது கேபிளில் படாமல் இருக்கும், திருட வந்தவனுக்கும் வேலை கூடும். போர் பக்கமும் ஸ்டார்டர் பக்கமும் கேபிள் மேலே ஏறி வரும் இடம்தான் பலவீனமான இடம். அங்கே ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தி, அடியில் காங்கிரீட் போட்டுவிடுங்கள்.

புதிதாக இழுப்பவர்கள் மண்ணுக்குள் போகும் பகுதிக்கு மட்டும் அலுமினியக் கேபிளையும் யோசிக்கலாம். பழைய அலுமினியத்துக்குச் செம்பின் விலை கிடைக்காது. ஆனால் அதே கரண்ட்டுக்குச் செம்பைவிட ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் இரண்டு உலோகத்துக்குமான லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) வைக்காமல் முறுக்கிவிட்டால் சூடேறிக் கருகும். எலக்ட்ரீஷியனிடம் இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

போர் மூடியின் போல்ட்டுகளில் இரண்டில் மட்டும் நட்டின் மேல் பொட்டு வெல்டிங் வையுங்கள். மோட்டாரைத் தூக்க வேண்டி வந்தால் கிரைண்டர் வைத்து அறுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் கிரைண்டர் ஓடினால் ஊருக்கே கேட்கும்.

கேட்டைப் பற்றி ஒரு விஷயம். பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கீலின் முளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கேட்டை இரண்டு பேர் மேலே தூக்கினால் அப்படியே கழன்று வந்துவிடும். உங்கள் கேட்டை இப்போதே தூக்கிப் பாருங்கள். எழுந்தால், மேல் முளையின் தலையில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றை வெல்டிங் செய்யுங்கள்.

படி 4: வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி வையுங்கள்

நம் மாவட்டங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் வீடு திறக்கும். அப்படிப்பட்ட வீட்டைக் காட்டிக் கொடுப்பது பூட்டு அல்ல, வாசல். நாலு நாளாகக் கூட்டாத, கோலம் இல்லாத வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வாசலில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகும் தேதியைக் காவல் நிலையத்திலும் சொல்லிவைத்தால் ரோந்து போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆள் வந்தால் எரியும் சோலார் விளக்கைப் பின்பக்கம் ஒன்று, மோட்டார் ரூமில் ஒன்று மாட்டுங்கள். கேமரா வந்தவன் யார் என்று காட்டுமே தவிர, வந்தவனை நிறுத்தாது. முதலில் விளக்கு, பிறகு கேமரா என்பேன்.

பழைய இரும்பு வாங்கத் தெருவில் வருபவரை எல்லாம் சந்தேகப்படாதீர்கள். வெயிலில் அலைந்து பிழைக்கிறவர்கள் அவர்கள். போட வேண்டியதை வாசலுக்குக் கொண்டுவந்து எடை போடுங்கள், பின்கட்டுவரை யாரையும் அழைத்துப் போக வேண்டாம். அவ்வளவுதான்.

செய்யவே கூடாதது

"கம்பியில் கரண்ட் விட்டுவிடு, தொட்டால் தெரியும்" என்று யோசனை சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது சட்டவிரோதம் மட்டுமல்ல, முதலில் மாட்டுவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவோ மாடாகவோ இருக்கலாம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே கள்ளத்தனமாக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே மாதிரிக் கம்பியில் கை வைப்பது மனிதராகவும் இருக்கலாம்.

படி 5: போயே போய்விட்டால்

வெட்டிய முனையைத் தொடாதீர்கள். அதில் கரண்ட் இருக்கலாம், தடயமும் அழியும். மெயினை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். எரித்த சாம்பல் இருந்தால் அதையும் எடுங்கள்.

அன்றைக்கே காவல் நிலையம் போங்கள். திருட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்தால் 112-க்குப் போன் செய்யுங்கள், தனியாக எதிரே போய் நிற்காதீர்கள். மனு கொடுத்ததும், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆர் பதிவானால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்குப் பிரிவு 303. குடியிருக்கும் வீட்டில் திருடினால் பிரிவு 305, ஏழு ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாலும் குற்றம்தான். பிரிவு 317, மூன்று ஆண்டு வரை சிறை.

அக்கம்பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கும் பொருளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சண்டைக்குப் போகாமல், "இது வந்தால் சொல்லுங்க அண்ணா" என்று கேளுங்கள். எங்கள் அண்டா அப்படிப்பட்ட ஒரு கடையிலிருந்துதான் வந்தது.

ஸ்டேஷனில் எங்களிடம் முதலில் கேட்டது, "என்ன அடையாளம்?" என்றுதான். கேபிளுக்கு எங்களிடம் பில் கூட இல்லை. இப்போது மோட்டார், கேபிள், பேட்டரி பில்கள், வரிசை எண் படங்கள், படி 1-இல் எழுதிய நோட்டு எல்லாம் ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன.