முதலில் எழுத்து, அப்புறம் வடிவம், நிறம் கடைசியில்

போஸ்டர் செய்ய உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது நிறம் தேர்ந்தெடுக்கும் கலர் பிக்கரைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நீலம் என்றால் அமைதி, சிவப்பு என்றால் கோபம், பச்சை என்றால் இயற்கை என்று ஒரு பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். அதை வைத்து நிறத்தை முடிவு செய்து, கண்ணில் பட்ட ஃபான்டைப் போட்டு, மிச்ச இடத்தில் நாலு வடிவங்களை நிரப்பி, எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால், சொல்ல வந்த உணர்வு மட்டும் அதில் இருக்காது. இப்போது வரிசையையே தலைகீழாக மாற்றிவிட்டேன். எழுத்து முதலில், அடுத்து வடிவம், நிறம் கடைசியில்தான்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்த டிசைனைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள், பக்கத்திலேயே எது தோன்றிவிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள். "அமைதி" என்று மட்டும் எழுதினால் போதாது, "அமைதி, ஆனால் சோகம் இல்லை" என்று எழுத வேண்டும். ஏனென்றால் இரண்டுக்கும் கருவிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மங்கலான நிறம், நிறைய வெற்றிடம், மெல்லிய எழுத்து. கொஞ்சம் கை தவறினால் அமைதி துக்கச் செய்தியாகிவிடும், உற்சாகம் கூச்சலாகிவிடும், கம்பீரம் மிரட்டலாகிவிடும். அந்த இரண்டாவது வார்த்தைதான் எங்கே நிறுத்த வேண்டும் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சரி, எழுத்துக்கு வருவோம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, வேறு எதுவும் வேண்டாம். தலைப்பை ஐந்தாறு ஃபான்டுகளில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்துப் பாருங்கள், வாசிக்காமல் வெறுமனே பாருங்கள். "அமைதி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பலூ தம்பி என்ற ஃபான்டில் அடித்தால் அது குழந்தைப் புத்தகத்தின் அட்டை மாதிரி கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். நோட்டோ செரிஃப் தமிழில் அடித்தால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து போவதால், அச்சடித்த பழைய புத்தகத்தின் நிதானம் வந்துவிடும். அனேக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றலாம் என்பதால், ஒரே குடும்பத்துக்குள் மெல்லிசாகவும் விரிந்தும் இருக்கும் எழுத்து மூச்சு விடுவதையும், தடித்தும் நெருங்கியும் இருக்கும் எழுத்து தோள் இடித்துக்கொண்டு நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மூன்றுமே கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசம், அதனால் இதை இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

தமிழில் டிசைன் செய்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இங்கிலீஷில் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் உரக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும், நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஆகவே அந்த வேலையைத் தடிமனும் அளவும்தான் செய்ய வேண்டும். சாய்வு பட்டனை அழுத்தினால் பெரும்பாலான தமிழ் ஃபான்டுகளில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்தது இல்லை, மென்பொருள் இருக்கிற எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், சுழிகள் நசுங்கிப் போகும். எழுத்துக்கு இடையில் இடைவெளி கூட்டி ஒரு சொகுசான, நிதானமான தோற்றம் கொண்டுவருவது இங்கிலீஷில் சகஜம். தமிழில் அதையே செய்தால் "கொ" என்ற எழுத்தில் முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் மெய்யை விட்டு விலகி, ஒரே எழுத்து மூன்று துண்டாகத் தெரியும். நிதானம் வேண்டுமென்றால் எழுத்துக்கு இடையில் தேடாதீர்கள், வரிகளுக்கு இடையிலும் சுற்றிலும் இடம் விடுங்கள். மேலே "கி", "கீ" எழுத்துகளின் வளைவும் கீழே "கு", "கூ" எழுத்துகளின் சுழியும் நீள்வதால் தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாகவே வேண்டும், எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள்.

எழுத்துக்குப் பழைய நினைவுகளும் ஒட்டியிருக்கும். காமிக் சான்ஸ் 1994-ல் வின்சென்ட் கொனேர் மைக்ரோசாஃப்டில் வரைந்தது, திரையில் ஒரு கார்ட்டூன் நாய் பேசுவதற்கு. அந்த இடத்துக்கு அது பொருத்தமான எழுத்துதான். பிறகு அதே எழுத்தில் மருத்துவமனை அறிவிப்பும் எச்சரிக்கைப் பலகையும் வந்தபோதுதான் ஜனங்களுக்கு உறுத்தியது. இந்த ஃபான்ட் நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட, இந்தக் குரலில் இந்தச் செய்தியை யாராவது சொல்வார்களா என்று கேட்டால் விடை சீக்கிரம் வரும்.

அடுத்து வடிவம். 1929-ல் வொல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் இரண்டு உருவங்களைக் காட்டினார், ஒன்று வளைந்து உருண்டது, மற்றது கூர்கூராக முறிந்தது. கூடவே பொருளே இல்லாத இரண்டு பெயர்களைக் கொடுத்து எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். 2001-ல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் அதையே "பூபா", "கிக்கி" என்ற பெயர்களோடு செய்து பார்த்தார்கள். மிகப் பெரும்பாலோர் உருண்டதைப் பூபா என்றும் கூரானதைக் கிக்கி என்றும்தான் சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நமக்கு இதில் கிடைக்கும் பாடம், ஒரு பட்டனின் மூலையை எவ்வளவு வளைக்கிறோம் என்பதுகூட ஒரு தொனி என்பதுதான். மூலையைக் கூராக விட்டால் கறார், கொஞ்சம் வளைத்தால் இணக்கம், முழுக்க உருட்டிவிட்டால் விளையாட்டு.

கோட்டின் திசையும் பேசும். படுத்த கோடு ஓய்வு, நிமிர்ந்த கோடு விறைப்பு, சாய்ந்த கோடு நகர்வு. ஒரு முக்கோணத்தை அடிப்பக்கம் கீழே இருக்க வைத்தால் மலை மாதிரி நிற்கும், அதையே நுனியில் நிறுத்தினால் பார்க்கிறவர் மனதில் இப்போது விழுமோ என்று ஒரு பதற்றம். இதை விடக் கவனம் தேவைப்படுவது, எழுத்தின் வடிவமும் சுற்றியுள்ள வடிவமும் ஒரே குரலில் இருக்கிறதா என்பதில். உருண்ட எழுத்தைக் கூர்முனைச் சட்டத்துக்குள் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பலர் அந்த நேரத்தில்தான் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப் போகிறார்கள்.

நிறத்துக்கு இப்போதுதான் வருகிறோம். என் அனுபவத்தில் எந்த நிறம் என்பதை விட, அது எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் மனநிலையைத் தீர்மானிக்கிறது. 1994-ல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவர் செய்த ஆய்விலும் உணர்வைப் பலமாக அசைத்தவை சாச்சுரேஷனும் (நிறத்தின் அழுத்தம்) பிரைட்னஸும்தான் (வெளிச்சம்). கலர் பிக்கரை எச்எஸ்பி முறைக்கு மாற்றுங்கள், அதில் எந்த நிறம் என்பதைச் சொல்லும் ஹியூ, சாச்சுரேஷன், பிரைட்னஸ் என்று மூன்று எண்கள் இருக்கும். சிவப்பின் ஹியூவை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் நகர்த்துங்கள். சாச்சுரேஷன் 100, பிரைட்னஸ் 95: எச்சரிக்கை மணி. சாச்சுரேஷன் 20, பிரைட்னஸ் 98: குழந்தையின் கன்னம். சாச்சுரேஷன் 80, பிரைட்னஸ் 30: கனத்த திரைச்சீலை. மூன்றும் ஒரே சிவப்புதான், "சிவப்பு என்றால் கோபம்" என்ற பட்டியல் இதில் எதற்கு உதவும்? போதாததற்கு, நிறத்துக்கான பொருள் ஊருக்கு ஊர் மாறும், பார்க்கப் போகிறவர்களில் யாரையாவது கேட்டுவிடுவது நல்லது.

நிறம் தனியாகவும் இருப்பதில்லை. பிரான்ஸில் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளருக்குக் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது என்று கண்டுபிடித்து 1839-ல் விரிவாக எழுதினார். நம் திரையிலும் இதே கதைதான். சாம்பல் நிறக் கட்டத்தை ஆரஞ்சு மேல் வைத்தால் நீலம் கலந்த மாதிரி தெரியும். ஆகவே நிறத்தைத் தனிக் கட்டத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது உட்காரப் போகும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

நான் செய்து திருத்திய ஒன்றைச் சொல்கிறேன். இரவு வானத்தைத் தொலைநோக்கியில் பார்க்கும் நிகழ்வுக்கு ஒரு போஸ்டர். எழுதி வைத்த வார்த்தை "வியப்பு, ஆனால் கொண்டாட்டம் இல்லை." முதல் வடிவத்தில் பளிச்சென்ற நீலப் பின்னணி, ஹியூ 225, சாச்சுரேஷன் 90, பிரைட்னஸ் 60. அதன் மேல் ஐந்து முனை மஞ்சள் நட்சத்திரங்கள், நடுவில் தடித்த தலைப்பு, அதற்குப் பின்னால் நிழல் விழுகிற மாதிரி டிராப் ஷேடோ. இரவுக்கு நீலம், நட்சத்திரத்துக்கு மஞ்சள், பட்டியல்படி எல்லாம் சரிதான். ஆனால் பார்த்த நண்பர் ஒருவர் "என்ன தள்ளுபடி?" என்று கேட்டார்.

திரும்பவும் கறுப்பு வெள்ளையில் தொடங்கினேன். தலைப்பை மெல்லிய எழுத்தில், கீழே இடப்பக்கம் இறக்கினேன், ஷேடோவை எடுத்துவிட்டேன், மேலே மூன்றில் இரண்டு பங்கு இடம் காலி. முனை வைத்த நட்சத்திரங்களுக்குப் பதில் வெவ்வேறு அளவில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஏனென்றால் வெறும் கண்ணால் பார்க்கும்போது வானத்தில் இருப்பது புள்ளிகள்தானே. இந்த நிலையிலேயே, இன்னும் ஒரு நிறமும் போடாதபோதே, அது இரவு மாதிரி இருந்தது. பிறகு அதே நீலத்தை எடுத்து சாச்சுரேஷனை 50-க்கும் பிரைட்னஸை 18-க்கும் இறக்கினேன். எழுத்துக்கு வெளிறிய மஞ்சள், ஹியூ 45, சாச்சுரேஷன் 30, பிரைட்னஸ் 95. நீலமும் மஞ்சளும் என்ற ஜோடி மாறவே இல்லை, போஸ்டர் முழுக்க வேறாகிவிட்டது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இருண்ட பின்னணியில் தேதியும் நேரமும் மெல்லிய எழுத்தில் உடைந்து உடைந்து தெரிந்தன. தலைப்பு பெரியது, தாங்கும், சின்ன வரிகள் தாங்காது. அவற்றுக்கு மட்டும் இரண்டு படி தடிமன் கூட்டினேன். வாசிக்க முடியாத மனநிலையால் யாருக்கும் பயன் இல்லை. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் கான்ட்ராஸ்ட் அளவு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம், சொல்கின்றன. என் போஸ்டரில் அது 12-க்கு மேல் இருந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் நிறையப் பேர் உண்டு, அதனால் முக்கியமான எந்த வேறுபாட்டையும் நிறத்தை மட்டும் நம்பி விடாதீர்கள்.

கடைசியாகச் சோதனை. முதலில் டிசைனைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள், மனநிலை பாதியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் எழுத்துக்கும் வடிவத்துக்கும் திரும்பிப் போகலாம். அப்புறம் இதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன தோன்றியது என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நம் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவர் வாயில் வரும் முதல் வார்த்தையை நீங்கள் எழுதி வைத்த இரண்டு வார்த்தைகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அச்சுக்குப் போகிறது என்றால் பளிச்சென்ற நீலமும் பச்சையும் தாளில் மங்கிவிடும் என்பதால், ஒரு பிரதி அடித்து, அதைக் காட்டி இதே கேள்வியைக் கேளுங்கள்.