மூக்கில் ரத்தம் வடிந்தால் என்ன செய்வது?

நிமிர்ந்து உட்கார்ந்து தலையை லேசாக முன்னால் சாயுங்கள். அண்ணாந்து பார்க்கவே கூடாது. ரத்தம் தொண்டை வழியாக வயிற்றில் இறங்கிக் குமட்டும், எவ்வளவு போனது என்றும் தெரியாது.

பிறகு மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இருபக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். பலர் மேலே எலும்புள்ள இடத்தைப் பிடிக்கிறார்கள், அதில் பயனில்லை. பெரும்பாலும் ரத்தம் கசிவது மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம் சிறு ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில்தான். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே விரலை எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய தவறு: உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். வாயால் மூச்சு விடுங்கள். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிவிடுங்கள்.

நின்றபின் ஒரு நாளாவது மூக்கைச் சிந்தவோ குடையவோ வேண்டாம்.

30 நிமிடமாகியும் நிற்காவிட்டால், அல்லது தலையில் அடிபட்டிருந்தால், அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கசியும் குழாயைச் சில்வர் நைட்ரேட் என்ற ரசாயனம் தடவிய குச்சியால் சுட்டு அடைப்பார். உள்ளே ஆழத்தில் என்றால் எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுத் தேடுவார். ஒரே பக்கம் மூக்கடைப்போடு திரும்பத் திரும்ப வடிந்தால் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.