ரிவரில் ‘பார்த்துடலாம்’ என்று போடும் கால்

தீபாவளி இரவு, சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அடுக்குமாடி) வீடு, ஒன்பது பேர், ஆளுக்கு 20 வெள்ளி, டெக்ஸஸ் ஹோல்டம் போக்கர் டோர்னமென்ட். ரிவர், அதாவது ஐந்தாவதான கடைசிப் பொது அட்டை விழுந்து எதிரில் இருப்பவர் சிப்பைத் தள்ளியதும் பலர் வாயில் வருவது, “சரி, பார்த்துடலாம்.” அதே தொகையைப் போட்டுக் ‘கால்’ செய்துவிடுவார்கள். டோர்னமென்ட்டில் அதிகச் சிப்பைத் தின்பது இந்த ஒரு சொல்தான்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் (இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 1,000/2,000, ஆன்டி (கூடுதல் கட்டாயத் தொகை) 2,000. பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவர் 4,500 ஆக்குகிறார். பிக் பிளைண்டில் (2,000 போட்ட இடத்தில்) இருக்கும் உங்களிடம் ஸ்பேட் கிங், டைமண்ட் ஜாக், கால். பாட் (நடுவில் சேர்ந்த சிப்) 12,000. ஃபிளாப் (முதல் மூன்று பொது அட்டை) ஹார்ட் கிங், ஹார்ட் 9, கிளாவர் 4: அவர் 4,000, நீங்கள் கால். டர்ன் (நான்காவது அட்டை) டைமண்ட் 7: அவர் 10,000, நீங்கள் கால். பாட் இப்போது 40,000. ரிவர் ஸ்பேட் 2. அவர் 20,000 வைக்கிறார்.

இங்கே பலர் 20,000-ஐ 60,000-ஆல் வகுத்து 33 சதவீதம் என்பார்கள். நீங்கள் போடப்போகும் 20,000-உம் பாட்டில் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 20,000-ஐ 80,000-ஆல் வகுத்தால் 25 சதவீதம். நான்கில் ஒருமுறை ஜெயித்தால் சிப் கணக்கில் நட்டமில்லை. பாட் அளவுக்கே பெட் வந்தால் 33, பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் 20. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் மேசையில் வகுத்தல் போடவே வேண்டாம்.

அடுத்தது, “என்னிடம் டாப் பேர் (மேசையின் பெரிய அட்டையோடு ஜோடி) இருக்கே” என்ற நினைப்பு. மூன்று தெருவிலும் (ஃபிளாப், டர்ன், ரிவர்) அடித்தவருக்கு எதிரே கிங்-ஜாக் பெரும்பாலும் பிளஃபை (கையில் ஒன்றுமில்லாமல் அடிப்பதை) மட்டுமே பிடிக்கும். எண்ணிப் பாருங்கள். உங்களை வெல்லும் முக்கியமான கைகள், ஒவ்வொன்றும் எத்தனை விதமாக அவரிடம் இருக்கலாம் என்ற எண்ணிக்கையோடு: ஏஸ்-கிங் 8, கிங்-குயீன் 8, ஜோடி ஏஸ் 6, மூன்று 9, மூன்று 7, மூன்று 4 சேர்ந்து 9, மூன்று கிங் 1, ஒரே சூட்டில் (சின்னத்தில்) கிங்-9 இரண்டு. மொத்தம் 34. 25 சதவீதம் வேண்டுமென்றால் அவரிடம் குறைந்தது 12 பிளஃப் இருக்க வேண்டும்.

கைகூடாத டிராக்களை (ஸ்ட்ரெயிட்டுக்கோ ஃபிளஷுக்கோ காத்திருந்து கிடைக்காத கைகளை) எண்ணினால் ஒரே சூட்டில் 10-8 நான்கு, குயீன்-10 நான்கு, குயீன்-ஜாக் மூன்று, ஜாக்-10 மூன்று, ஹார்ட் ஏஸோடு இன்னொரு ஹார்ட் வைத்து ஜோடி சேராதவை ஏழு. ஆக 21. உடனே கால் போடத் தோன்றும். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்கூட வழுக்குவது இங்கேதான்: 21 கையும் அவரிடம் இருக்கலாம், ஆனால் ரிவரில் அவற்றை வைத்து மூன்றாவது தடவையும் அடிக்க நெஞ்சுரம் வேண்டும். பாதியை மட்டும் அடித்தால் 11-க்கு 34, அதாவது 24 சதவீதம்தான். வீட்டு மேசையில் அந்தப் பாதிகூட வராது. டிரா கைகூடாவிட்டால் செக் செய்துவிட்டு (பெட் வைக்காமல் விட்டு) அடுத்த கைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நீங்கள் ஃபோல்ட், அதாவது கையை விட்டுவிடுங்கள். கிங்-10-ஐ வைத்தும் துணிந்து அடிப்பவராக இருந்தால் மட்டும் கணக்கு உங்கள் பக்கம் சாயும்.

உங்கள் கையில் ஹார்ட் ஏஸ் இருந்தால் அந்த ஏழும் அவரிடம் இருக்க வழியே இல்லை. ஏஸைப் பார்த்துத் தெம்பாகிக் கால் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

“இவ்வளவு போட்டாச்சே” என்பதும் கணக்கில் சேராது. போட்டது பாட்டுக்குச் சொந்தம், உங்களுக்கில்லை.

டோர்னமென்ட்டில் இன்னொரு விலையும் உண்டு. அதே ஒன்பது பேர் ஆட்டம், பரிசு 90, 54, 36 வெள்ளி. மூவர் மிச்சம், மூவருக்கும் சமமான சிப். ஒவ்வொருவரின் மொத்தச் சிப்புக்கும் மதிப்பு 60 வெள்ளி. ஆல்-இன்னில் (எல்லாச் சிப்பையும் வைத்து) தோற்றால் 36 வெள்ளியோடு எழுந்திருக்க வேண்டும், 24 நட்டம். ஜெயித்தால் மூன்றில் இரண்டு பங்கு சிப், மதிப்பு 78 (மூன்றில் இரண்டு தடவை 90, ஒரு தடவை 54 என்ற கணக்கு). லாபம் 18 மட்டுமே. சரிக்குச் சரி பந்தயத்துக்குக்கூட 50 போதாது, 57 சதவீதம் வேண்டும். பரிசுக்கு ஓரிடம் முன்னால் இருக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அங்கே 25 சதவீதக் கால் என்பது ஏமாற்றுக் கணக்கு.

ரிவரில் நீங்கள் பெட் வைத்து, அமைதியான ஆள் ஒருவர் குறைந்தபட்ச ரெய்ஸ் போட்டால் (உங்கள் பெட்டைக் கூட்டினால்) யோசிக்கவே வேண்டாம், ஃபோல்ட்தான்.

(வீட்டு ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நண்பர்களும் குடும்பத்தாரும் வீட்டில் நேரில் ஆடுவதை அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் பாட்டிலிருந்து கமிஷன் எடுப்பதும், அதே ஆட்டத்தை இணையத்தில் நடத்துவதும் அந்த அனுமதிக்குள் வராது.)

கைப்பிழைகளும் உண்டு. தொகையைக் கேட்காமல் “கால்” என்று வாயால் சொன்னால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஒன்றும் சொல்லாமல் ஒரே பெரிய சிப்பைப் போட்டால், ரெய்ஸ் நினைத்திருந்தாலும் அது கால்தான். கால் போட்ட பிறகு பெட் வைத்தவர்தான் முதலில் காட்ட வேண்டும். அவர் “ஃபிளஷ்” என்று வாயால் சொன்னதும் அட்டையை வீசிவிடாதீர்கள். இரண்டு அட்டையும் மேசையில் திரும்பும்வரை உங்களுடையதைக் கையால் மூடியே வைத்திருங்கள்.