நிலைக்கும் கதவுக்கும் அளவு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டடச் சொற்கள்

எங்கள் வீட்டு வேலை ஆரம்பித்தபோது கொத்தனாரும் ஆசாரியும் பேசிக்கொண்டதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிய ஒரு இடத்தில் தேக்குக் கதவே வீணாகிவிட்டது, அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றவை சுருக்கமாக.

1. கொத்தனார் பேச்சு

வானம் தோண்டுவது என்றால் கடைக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, குழி எடுப்பது. பேஸ்மட்டம் என்றால் நிலத்துக்கு அடியில் இருக்கும் அறை இல்லை, நிலத்திலிருந்து வீட்டின் தரை வரை உயர்த்திக் கட்டுகிற பகுதி. சென்ட்ரிங் என்பது கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கி நிற்கும் தகடு, பலகை, முட்டு எல்லாம் சேர்ந்தது. மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி.

2. மட்டங்கள்

படுக்கை மட்டம் பார்க்க ரசமட்டம், சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு, மூலை 90 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம். பெரிய அறைக்குக் கையளவு மூலைமட்டம் போதாது. ஒரு சுவரில் 6 அடி, அடுத்ததில் 8 அடி குறித்து, குறுக்கே அளந்தால் சரியாக 10 அடி வர வேண்டும். தூரமான இரண்டு இடங்களுக்கு ஒரே மட்டம் எடுக்க எனக்குத் தண்ணீர் ட்யூப்தான் பிடிக்கும், உள்ளே காற்றுக்குமிழி மட்டும் நிற்கக் கூடாது. அளவு நாடா இரும்பிலேயே வாங்குங்கள், துணி நாடா நாளாக ஆக இழுபடும்.

3. மரக் கணக்கு

நிலை என்பது கதவைத் தாங்குகிற சட்டம். "ஏழுக்கு மூன்றரை நிலை, அஞ்சுக்கு மூணு சட்டம்" என்றால் உயரம் 7 அடி, அகலம் மூன்றரை அடி, மரம் 5 இன்ச்சுக்கு 3 இன்ச். மரத்துக்கு விலை கன அடியில். இரண்டு கால் 14 அடி, மேலும் கீழும் சேர்த்து 7 அடி, ஆக 21 அடி. 21 × 5 × 3 போட்டு 144-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.19 கன அடி. மரக்கடைக்குப் போகும் முன்பே இதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. நான் தவறிய இடம்

ஏழுக்கு மூன்றரை என்பது நிலையின் வெளியளவு. நான் அதையே கதவு அளவாகக் கொடுத்துவிட்டேன். 42 இன்ச் கதவு வந்து இறங்கியது. ஆசாரி அதை நிலைமேல் சாய்த்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கடையில் திருப்பி எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டரை இன்ச் இழைத்து எடுத்ததில் கதவின் ஓரச் சட்டம் மெலிந்து, பூட்டு உட்கார இடமில்லாமல் போனது.

சரியான கணக்கு இது. 42-இல் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் மும்மூன்று இன்ச் கழித்தால் 36. கதவு பதிந்து உட்கார நிலையில் வெட்டும் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். அது பக்கத்துக்கு அரை இன்ச் என்றால் 37. அதிலும் கதவு உரசாமல் திறக்க நூலளவு இடம் விட வேண்டும். உயரத்துக்கும் இப்படித்தான், ஆனால் கீழ்ப்படி (நிலையின் அடியில் படுக்கையாக வரும் மரம்) இருக்கிறதா, அதில் காடி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட நல்லது, நிலை சுவரில் நின்ற பிறகு ஆசாரியையே காடிக்குக் காடி அளக்கச் சொல்லிக் கதவுக்குச் சொல்வது. சில நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

பின்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர், அறைக்கதவு டைல்ஸ் ஒட்டியதும் தரையில் உரசுகிறது என்று எழுதியிருந்தார். அறை நிலைகளுக்குப் பெரும்பாலும் கீழ்ப்படி வைப்பதில்லை, நிலையும் தரை போடும் முன்பே நின்றுவிடும். டைல்ஸும் அடியில் போடும் கலவையும் சேர்ந்து 2, 3 இன்ச் ஏறிவிடும். அதனால் முடிந்த தரை எங்கே வரும் என்று கொத்தனாரிடம் கேட்டு, நிலைக்காலில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கதவு உயரத்தை அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அப்புறம், நிலையை சிமெண்ட் வைத்து இறுக்கும் முன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அப்போதே தட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.