பெல் அடித்தால் வழி கிடைத்துவிடாது: நடப்பவர்களும் சைக்கிளும் ஒரே பாதையில் போகும்போது

சென்னையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடைப்பது அபூர்வம். மோட்டார் இல்லாத போக்குவரத்துக்காக மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றது. அதன்பின் பல சாலைகளில் பிளாட்பாரம் அகலமானது, 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகமும் வந்தது. ஆனாலும் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நடப்பவர்களோடு பங்கு போட வேண்டிய இடம்தான். பெசன்ட் நகர் கடற்கரை ஓரம், பட்டினப்பாக்கம் லூப் ரோடு, அடுக்குமாடி வளாகங்களின் உள்சாலை என்று எங்கே பார்த்தாலும் விடிகாலையில் இதே கலவை: வாக்கிங் போகும் பெரியவர்கள், ஓடுகிறவர்கள், குட்டிச் சைக்கிளில் பிள்ளைகள், கியர் சைக்கிளில் வேகம் பிடிக்கும் இளைஞர்கள்.

இங்கே நடக்கும் இடிகளுக்குத் திமிர் காரணமாக இருப்பது குறைவு. மவுண்ட் ரோட்டில் வண்டி ஓட்டிய பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவருவதுதான் சிக்கல். அதில் முதல் பழக்கம் ஹாரன்.

பெல் அடித்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பது

நம் ஊரில் ஹாரன் என்றால் "வரேன், ஒதுங்கு" என்று அர்த்தம். சைக்கிள் பெல்லையும் பலர் அப்படித்தான் அடிக்கிறார்கள். அடித்தாயிற்று, இனி ஒதுங்குவது அவர் பாடு என்று வேகம் குறையாமல் போகிறார்கள். இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன.

ஒன்று, பெல் அவருக்குக் கேட்காமலே போகலாம். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். சைக்கிள் பெல்லின் ஒலி அந்த வகை. பேச்சு நன்றாகக் கேட்கும் எழுபது வயதுக்காரருக்கும் பெல் கேட்காமல் இருக்கலாம். கூடவே கடல் காற்று, காதில் இயர்போனில் சுப்ரபாதம்.

இரண்டாவது, கேட்டாலும் ஆபத்து உண்டு. முதுகுக்குப் பின்னால் திடீரென்று பெல் அடித்தால் மனிதர் திரும்பிப் பார்ப்பார். வலது தோள் பக்கமாகத் திரும்பினால் காலும் உடம்பும் தானாகவே வலப்பக்கம் சாயும். நீங்கள் முந்தப்போவதும் அதே பக்கம்தான். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் இன்னும் மோசம். ஒருவர் இடப்பக்கம் தாவுவார், மற்றவர் வலப்பக்கம் தாவுவார், அப்புறம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுப்பார்கள்.

அதனால் முதலில் பிரேக், பிறகு பெல். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும்போதே ஒரே ஒரு தடவை அடியுங்கள். அவர் அசையவில்லையா, நடை வேகத்துக்கு இறங்கி வாயைத் திறந்து சொல்லுங்கள்: "சார், ரைட்ல வரேன்", "அம்மா, வலது பக்கமா போறேன்". எந்தப் பக்கம் என்பதைப் பெல்லால் சொல்ல முடியாது, குரல் சொல்லிவிடும். விடாமல் டிரிங் டிரிங் என்று அடிப்பவர்கள் நாளடைவில் பெல்லுக்கு இருக்கும் மரியாதையையே கெடுக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது கியர் சைக்கிளில் சோம்பலான வேகம். ஆனால் அது நொடிக்கு ஐந்தரை மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், அதைப் பார்த்து கை பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி போய்விடும். அப்புறம் நிற்க இன்னும் நாலு மீட்டர். மொத்தம் ஒன்பது, பத்து மீட்டர். இதுவே மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்தால் நாலு மீட்டருக்குள் நின்றுவிடலாம். பாதி வேகத்துக்குப் பாதிக்கும் குறைவான தூரம். இது காய்ந்த தரைக்கான கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டைல்ஸும் பெயின்ட் கோடும் வழுக்கும். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்துவது) சைக்கிளில் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும். கடற்கரை ஓரத்தில் மழையே வேண்டாம், டைல்ஸ் மேல் பரவிக் கிடக்கும் மணலே போதும், திருப்பத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

அகலத்தையும் பார்ப்போம். நடைபாதையில் தடையில்லாத இடம் குறைந்தது 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி. இருவர் அருகருகே நடந்தால் 1.2 மீட்டர் போய்விடும். மிச்சம் 60 சென்டிமீட்டர். உங்கள் ஹேண்டில்பாரே அந்த அகலம் இருக்கும், மலைச் சைக்கிள் என்றால் இன்னும் அதிகம். இதுவும் காகிதத்தில் இருக்கும் 1.8 மீட்டர். நிஜ பிளாட்பாரத்தில் ஒரு ஈபி பெட்டி, ஒரு புங்க மரம், ஒரு இளநீர்க் கடை, யாரோ நிறுத்திய ஆக்டிவா எல்லாம் இருக்கும். ஆக, அவர்களாக ஒதுங்கும்வரை உங்களுக்கு அங்கே இடமே கிடையாது. பின்னாலேயே மெதுவாகப் போகலாம், இல்லையென்றால் இறங்கித் தள்ளலாம். பண்டிகைக் காலத்து மாலையில் பாண்டி பஜார் நடைபாதையில் சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்பது என் கட்சி.

இடம் இருந்தாலும் இரண்டு பேருக்கு நடுவே நுழைய வேண்டாம். அம்மா ஒரு ஓரம், பிள்ளை எதிர் ஓரம் என்றால் நிச்சயமாக நில்லுங்கள். பயந்த குழந்தை அம்மாவை நோக்கித்தான் ஓடும். நாயைக் கூட்டிப் போகிறவரும் நாயும் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் நடுவில் கயிறு இருக்கும், மங்கலான வெளிச்சத்தில் அது கண்ணில் படாது. தெருநாய் துரத்தினால் வேகமெடுத்து வளைந்து ஓட்டுவது இன்னொரு தவறு. நாயிடமிருந்து தப்பித்து நடப்பவர் மேல் போய் விழுவீர்கள். வேகத்தைக் குறைத்தால், வேண்டுமானால் இறங்கி சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால், பெரும்பாலான நாய்கள் விட்டுவிடும்.

முன்விளக்கைத் தரையை நோக்கித் திருப்பி வையுங்கள். கண் கூசும்படி மினுக்கும் விளக்கு எதிரே வருகிறவரைக் குருடாக்கும்.

சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் சட்டமும் இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பொதுவழியில் பிறருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடப்பவர்கள் செய்வது

வேகமாக வருகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நாலு பேர் கைகோத்தாற்போல் பாதையை அடைத்து நடந்துகொண்டு, பின்னால் வருகிறவரைத் திட்டுவது நியாயமில்லை. நடந்துகொண்டே இருப்பவர் போன் வந்ததும் சட்டென்று நட்ட நடுவில் நின்றுவிடுவது, சுற்று முடிந்த இடத்தில் திரும்பிப் பார்க்காமலே யூ-டர்ன் போடுவது, கைகளை இருபுறமும் வீசிப் பயிற்சி செய்வது, இவையெல்லாம் தினமும் நடக்கின்றன. எட்டு போட்டு நடப்பவர்களும் பின்னோக்கி நடப்பவர்களும் தயவுசெய்து பூங்காவுக்குள் போய்விடுங்கள். அங்கே சைக்கிள் தொல்லையும் குறைவு.

பெல் கேட்டால் தாவாதீர்கள். எந்தக் கோட்டில் நடக்கிறீர்களோ அதிலேயே தொடருங்கள், முடிந்தால் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குங்கள். உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்பது தெரிந்தால் போதும், மீதியை சைக்கிள்காரர் பார்த்துக்கொள்வார். இயர்போன் இல்லாமல் முடியாது என்றால் ஒரு காதிலாவது கழற்றிவிடுங்கள்.

எந்தப் பக்கம் நடப்பது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. பிளாட்பாரமே இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடப்பது நல்லது. சைக்கிளும் ஆட்களும் சேர்ந்து போகும் பாதையில் இருவருமே இடப்பக்கம், முந்துவது மட்டும் வலப்பக்கம்.

இடித்துவிட்டால்

முதலில் யார் தவறு என்ற விசாரணையை ஒத்திப் போடுங்கள். விழுந்தவரைக் கைத்தாங்கலாக உடனே தூக்கி நிறுத்துவது நம் வழக்கம், அதுவும் தவறுதான். அவரே அசைந்து உட்காரட்டும். இடுப்பு வலிக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்று சொன்னால் நகர்த்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலித்தாலும் அப்படியே. வயதானவர் தலையில் அடிபட்டிருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லப்பா, போ" என்று சொன்னாலும் விடாதீர்கள். தலைக்குள் ரத்தக்கசிவு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். அவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.