ரா கோப்பும் ஜேபெக்கும்: ஒரே காட்சியை இரு வழிகளில் திருத்திப் பார்க்கும் செய்முறை

பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லில்) ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தின் அளவை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த அளவுகளை அப்படியே சேமித்தால் அது ரா கோப்பு. விடுபட்ட நிறங்களைக் கணக்கிட்டு, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறச் சமன்), கான்ட்ராஸ்ட் (ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு), கூர்மை ஆகியவற்றையும் கேமராவே தீர்மானித்து, கோப்பைச் சுருக்கித் தந்தால் அது ஜேபெக். இந்த வேறுபாட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது.

முதலில் கேமராவின் மெனுவில் படத்தின் தரத்தை 'ரா + ஜேபெக்' என மாற்றுங்கள். ஒயிட் பேலன்ஸை வேண்டுமென்றே பகல் வெளிச்சத்துக்கு வைத்து, மஞ்சள் பல்பு எரியும் அறையில், ஒரு வெள்ளைத் துணியும் சற்று இருளான மூலையும் சட்டகத்துக்குள் வருமாறு படமெடுங்கள். படம் ஆரஞ்சு நிறத்தில்தான் வரும். நமக்கு வேண்டியதும் அதுவே.

அடுத்து, இரு கோப்புகளையும் கணினிக்கு மாற்றி, இலவச மென்பொருளான டார்க்டேபிளில் திறங்கள். ஒரே பெயருள்ள கோப்புகளை அது குழுவாகச் சேர்த்துவிடும் என்பதால், ஒன்று மட்டும் தெரிந்தால் சிறுபடத்தின் மேலுள்ள 'ஜி' குறியைச் சொடுக்குங்கள். ரா படம் மங்கலாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். கேமராவின் திரையில் நீங்கள் பார்த்தது ரா கோப்புக்குள் பொதிந்துள்ள ஜேபெக் முன்னோட்டத்தைத்தான்.

இப்போது ஒயிட் பேலன்ஸ் பகுதியில் உள்ள நிறமெடுக்கும் கருவியால் ரா படத்தின் வெள்ளைத் துணியைத் தொடுங்கள். துணி வெளுக்கும், மற்ற நிறங்களும் பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பாகவே இருப்பதால், அதை மாற்றுவதில் இழப்பு எதுவும் இல்லை. ஜேபெக்கிலும் நிறத்தை இதேபோலச் சரிசெய்துவிட்டு, இருள் மூலையை 100 சதவீத அளவில் பாருங்கள். மஞ்சள் ஒளியில் நீலம் ஏற்கெனவே மிகக் குறைவு. அந்தச் சிறு அளவும் ஒரு நிறத்துக்கு 256 நிலைகள் மட்டுமே கொண்ட 8 பிட் கோப்பில் சுருக்கப்பட்டுவிட்டது. அதை உயர்த்தும்போது நிறத்திட்டுகள் கிளம்பும். சுருக்கம் அதிகமாக இருந்தால் 8×8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களும் தென்படும்.

பிறகு இரண்டிலும் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2 ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, உயர்த்துங்கள். 12 பிட் ரா கோப்பில் 4,096 நிலைகளும் 14 பிட்டில் 16,384 நிலைகளும் இருப்பதால், நிழல் பகுதி ஓரளவு சுத்தமாகவே மேலெழும். அதற்காக, ரா என்றால் எதையும் மீட்டுவிடலாம் என்று நம்புவது மிகை. மூன்று நிறங்களும் உச்சத்தைத் தொட்டு வெளுத்த வானத்தில் மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ரா கோப்பைத் திருத்தும்போது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், லென்ஸ் திருத்தம் (லென்ஸால் வரும் வளைவு போன்ற குறைகளைச் சரிசெய்வது), இரைச்சல் நீக்கம் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளைக் குறைப்பது) என்ற வரிசையில் சென்று, கூர்மையைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். ஜேபெக்கில் கேமராவே கூர்மையைச் சேர்த்திருக்கும் என்பதால், மேலும் கூட்டினால் விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழும்.

சேமிப்பதில்தான் தொடக்கநிலையினர் அதிகம் குழம்புகிறார்கள். டார்க்டேபிள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. திருத்தங்களை எக்ஸ்எம்பி என்னும் சிறு துணைக்கோப்பில் எழுதிவைக்கிறது. ஆகவே, மூலக் கோப்பை இடம் மாற்றும்போது துணைக்கோப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். கிம்ப் போன்ற படத்திருத்த மென்பொருளில் ஜேபெக்கைத் திருத்தி அதே பெயரில் மேலெழுதினால், ஒவ்வொரு முறையும் படம் மீண்டும் சுருக்கப்பட்டுத் தரம் குறையும். எனவே வேலையைக் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் வைத்துக்கொண்டு, முடிந்தபின் ஒரே முறை ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். இணையத்தில் பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியும் (இணையத்தில் பொதுவாகப் பயன்படும் நிற வரம்பு) நூற்றுக்கு 90 அளவிலான தரமும் போதும். வேறொரு மென்பொருளில் வேலையைத் தொடர்வதாக இருந்தால் தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக எடுங்கள்.

எல்லாவற்றையும் ராவில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெளிச்சம் சீராக இருந்து, படத்தை உடனே அனுப்ப வேண்டியிருந்தால் ஜேபெக்கே தக்கது. ரா கோப்புகள் அதைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். புதிய கேமராவின் ரா கோப்பு பழைய மென்பொருளில் திறக்காமலும் போகலாம். அப்போது மென்பொருளைப் புதுப்பியுங்கள்; இல்லையெனில், அடோபி 2004இல் அறிமுகப்படுத்திய, பொதுவான ரா வடிவமான டிஎன்ஜிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.