ஆங்கிலக் கடிதத்தை எப்படி முடிப்பது? முதல் வரியைப் பாருங்கள்

கடிதம் எழுதியாகிவிட்டது, பிழையும் பார்த்தாகிவிட்டது. இனி கையெழுத்துக்கு மேலே ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். அங்கே வந்ததும்தான் பலருக்கும் கை அப்படியே நின்றுவிடுகிறது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ‘இப்படிக்கு’ என்று போட்டுவிட்டால் அப்பாவுக்கும் ஆகும், அதிகாரிக்கும் ஆகும். ஆங்கிலத்தில் அப்படி எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல் கிடையாது. அதனால் கடைசி வரியில் உட்கார்ந்து யோசிக்காமல் மேலே போய் முதல் வரியைப் படியுங்கள். நீங்கள் அவரை எப்படி விளித்தீர்களோ அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

படி 1: பெயர் சொல்லி அழைத்தீர்களா, இல்லையா?

‘டியர் சார்’, ‘டியர் மேடம்’, ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று பெயரே இல்லாமல் தொடங்கியிருந்தால் முடிவு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘டியர் மிஸ்டர் பிரவுன்’, ‘டியர் டாக்டர் டெய்லர்’ என்று பெயரோடு தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பிரிட்டிஷ் முறைக் கடிதத்துக்கு இதுதான் அடிப்படை. மறந்துபோகும் என்று பயமாக இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சாரும் சின்சியர்லியும் ஒரே கடிதத்தில் சேர மாட்டார்கள். இரண்டுமே ‘எஸ்’ எழுத்தில் தொடங்குகின்றன, அதனால் நினைவில் வைப்பது எளிது.

இந்த ‘யுவர்ஸ்’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களைப் பார்த்தால் ‘ஐ ஆம், சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்கிற மாதிரி ஒரு முழு வாக்கியமே கடைசியில் இருக்கும். ‘ஐயா, நான் தங்கள் பணிவுமிக்க ஊழியன்’ என்று பொருள். ‘ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பதும் அதே வகைதான். காலப்போக்கில் முன்பகுதி உதிர்ந்து வால் மட்டும் மிஞ்சியது. ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யும் அந்தப் பணிவின் மிச்சம்தான், பள்ளிக் கடிதத்தில் கற்றுக்கொண்டதை அப்படியே வேலைக் கடிதத்துக்குக் கொண்டுவர வேண்டாம், இன்று அது மிகப் பழைய நடையாகத் தெரியும்.

படி 2: படிப்பவர் எந்த ஆங்கிலத்துக்குப் பழகியவர்?

அமெரிக்காவுக்கு எழுதுகிறீர்கள் என்றால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யை விட்டுவிடுங்கள், அங்கே அது வழக்கத்தில் இல்லை. வெறும் ‘சின்சியர்லி’ போதும், ‘சின்சியர்லி யுவர்ஸ்’ என்றும் எழுதலாம், ‘யுவர்ஸ் ட்ரூலி’யும் உண்டு. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ‘சின்சியர்லி’ அங்கே தாங்கும்.

படி 3: எவ்வளவு பழக்கம்?

குழப்பம் அதிகம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முன்பின் தெரியாதவருக்கு எழுதும் முறையான கடிதம் என்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. இரண்டு மூன்று முறை எழுதிப் பழகியாகிவிட்டது, ஆனால் நண்பர் இல்லை, அலுவல் தொடர்பு மட்டும்தான் என்றால் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ அல்லது ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’. மின்னஞ்சலில் இப்போது பெரும்பாலும் இவைதான் ஓடுகின்றன. இன்னும் நெருங்கியவர், நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள் என்றால் ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ அல்லது ‘பெஸ்ட் விஷஸ்’. ‘சியர்ஸ்’, ‘டேக் கேர்’ எல்லாம் நண்பர்களுக்கு. ‘லவ்’ குடும்பத்துக்கும் மிக நெருங்கிய தோழமைக்கும் மட்டும்.

தெரிந்த ஒருவர் தன் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொன்னார். மூன்று பத்தியும் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். கடைசியில் மட்டும் ‘வித் லவ் அண்ட் ரிகார்ட்ஸ்’ என்று இருந்தது. பணிவாக இருக்கும் என்று நினைத்துத்தான் போட்டேன் என்றார். அவர் எண்ணம் நல்ல எண்ணம், ஆனால் முன்பின் தெரியாத அதிகாரி அதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்? அன்பு வேறு, மரியாதை வேறு, ஆங்கிலக் கடிதத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

வெறும் ‘ரிகார்ட்ஸ்’ தவறில்லை, ஆனால் கொஞ்சம் வறண்டு ஒலிக்கும். அதுவும் இதுவரை ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ என்று எழுதிவந்தவர் திடீரென்று ஒற்றை ‘ரிகார்ட்ஸ்’ போட்டால், ஏதோ கோபம் போலிருக்கிறதே என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும். சந்தேகமாக இருந்தால் அவர் உங்களுக்கு எழுதிய கடைசி மின்னஞ்சலைத் திறந்து, அவர் எப்படி முடித்திருக்கிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 4: உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள்?

புகார்க் கடிதத்தை ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ என்று முடித்தால் மேலே எழுதிய புகாரின் வேகமே போய்விடும். அங்கே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யோ ‘யுவர்ஸ் சின்சியர்லி’யோதான் சரி. இரங்கல் கடிதத்தில் ‘பெஸ்ட் விஷஸ்’ வரவே கூடாது, ‘வித் டீப்பஸ்ட் சிம்பதி’ என்று முடியுங்கள். நீதிபதிக்கோ மிக உயர்ந்த பொறுப்பில் இருப்பவருக்கோ ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ எழுதலாம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: அவசரத்தில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று தட்டிவிடுவார்கள், அதற்கு ‘முறையே’ என்று அர்த்தம். பிழைதிருத்தியும் அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தானே.

உதவி கேட்கும் கடிதமா? நன்றியோடு முடியுங்கள். பூமராங் என்ற மின்னஞ்சல் செயலியின் நிறுவனம் 2017-இல் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் தொடர்களை அலசிப் பார்த்தது. அதில் ‘தாங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ என்று முடிந்தவற்றுக்கு 65.7 சதவீதம் பதில் வந்திருந்தது, வெறும் ‘பெஸ்ட்’ என்று முடிந்தவற்றுக்கு 51.2 சதவீதம்தான். ஆனாலும் மேலதிகாரிக்கு ‘தாங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ எழுத நான் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்துதான் ஆக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுகட்டியது போல அது சிலருக்குப் படும். ‘தாங்க் யூ ஃபார் யுவர் டைம்’ என்று முழு வாக்கியமாக எழுதி, கீழே வழக்கமான முடிவைப் போடுங்கள். தனியாகத் தொங்கும் ‘தாங்க்கிங் யூ’வுக்கும் இதையே சொல்வேன். அதுவும் ‘ஐ ரிமெய்ன்’ உதிர்ந்துபோன அரை வாக்கியம்தான்.

படி 5: எழுதும் முறை

முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. ‘யுவர்ஸ்’ பெரிதாகத் தொடங்கும், ‘சின்சியர்லி’ சிறிதாகத்தான் தொடங்க வேண்டும். ‘யுவர்ஸ்’ என்பதில் ‘எஸ்’ஸுக்கு முன்னால் மேற்குறி கிடையாது, இதைத் தப்பாக எழுதுகிறவர்கள் மிக அதிகம். ‘ட்ரூலி’யில் ‘யு’வுக்கு அடுத்து நேராக ‘எல்’, நடுவே ‘ஈ’ இல்லை. ஆனால் ‘சின்சியர்லி’யில் ‘எல்’லுக்கு முன்னால் ‘ஈ’ உண்டு. ‘ஃபெய்த்ஃபுல்லி’யில் இரண்டு ‘எல்’. முடிவில் காற்புள்ளி வரும், முற்றுப்புள்ளி வராது. விளிக்குப் பின் காற்புள்ளி போடாத நடையில் எழுதியிருந்தால் இங்கேயும் போட வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. அச்சுக் கடிதம் என்றால் கையெழுத்துக்கு மூன்று நான்கு வரி இடம் விட்டு, அதன் கீழே முழுப் பெயர்.

அப்புறம், பெயர் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றால் அதற்காக ‘டியர் சார் ஆர் மேடம்’ பக்கம் ஓட வேண்டாம். ‘டியர் கிம் டெய்லர்’ என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். பெயர் வந்துவிட்டதால் முடிவு ‘யுவர்ஸ் சின்சியர்லி’.